கடலில் இருக்கிறார்

வங்கிக்கு எழுதிய கடிதத்தில்
ஒரே ஒரு சொல்தான் தப்பு.
கணக்குக்காரர் ஏன் நேரில் வரவில்லை என்று கேட்டிருந்தார்கள்.
கடலில் இருக்கிறார் என்பதை
அப்படியே ஆங்கிலத்தில் இறக்கி வைத்தேன்,
'இன்' போட்டு.

பன்சோடான் தெருக் கிளை. நாற்பத்தேழாம் டோக்கன்.
கண்ணாடிக்குப் பின்னால்
கன்னத்தில் தனாக்கா காயாத பெண்
கடிதத்தை ஒருமுறை படித்தாள்,
என்னை ஒருமுறை படித்தாள்.
காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டு
வேறொரு படிவத்தை எடுத்து
இரண்டு கையாலும் நீட்டினாள்,
பிக்குவுக்குச் சோறு இடுவது போல.
வாரிசுதாரர் பெயர். இறந்த தேதி.
உடல் கிடைத்ததா, ஆம் அல்லது இல்லை.

ஐயோ, இருக்கிறார் என்றேன் தமிழில்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
இருக்கிறார் என்றேன் பர்மியத்தில்,
கப்பலில், எஞ்சின் ரூமில், எண்ணெய் போடுகிற வேலை,
போன வாரம்கூடக் கப்பல் சோற்றைத் திட்டினார்,
செத்தவர் திட்டுவாரா?

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
பொத்தினதை எடுத்துவிட்டும் சிரித்தாள்.
அவளும் 'ம்ஹா'வில் பிறந்தவள்தானே.
பின்லெம்ஹா என்றால் அவளுக்கும்
மிதக்கிறவன் மூழ்கினவன் எல்லாம் ஒரே கணக்கு.
நமக்கு 'இல்'.
சட்டியில் சோறு, சுவரில் பல்லி, வாசலில் கடன்காரன்,
மூன்று வீட்டுக்கும் ஒரே ஆள் ஓடி ஓடி உழைக்கிறான்.
ஆங்கிலக்காரன் பணக்காரன்,
சோற்றுக்கு இன், பல்லிக்கு ஆன், கடன்காரனுக்கு அட் என்று
தனித்தனியாகச் சம்பளம் கொடுக்கிறான்.

அவள் போனில் தேடினோம்.
எனக்குப் பின்னால் வரிசை செருமியது.
ஆன் போட்டால் கடலின் மேலே,
அவர் என்ன எண்ணெய்ப் படலமா?
அட் போட்டுத் 'தி' சேர்த்தால்
ங்காப்பலி மணலில் குடைக்கு அடியில்
கணவாய் வறுவல் தின்கிறார்
(தின்னட்டும், என்னையும் கூட்டிப் போயிருக்கலாம்).
தியை எடுத்துவிடு என்றாள்.
வெறும் அட். வெறும் கடல்.
அப்போதுதான் அவர் வேலையில் இருக்கிறார்,
மூச்சு இருக்கிறது,
மாதம் பிறந்தால் பணம் வருகிறது.

அட, என்றேன்.
அட், என்று திருத்தினாள்.

கோவிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும்.
ஏழாம் வேற்றுமைக்கு இன்னோர் உருபும் உண்டு என்று எழுதிப்போட்டார்கள்:
கண்.
பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி.
சந்தையில் யார் பேசுவார்கள் அதை?
கரண்டு போன ராத்திரிகளில்
போனில் ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது
கடற்கண் என்று
வாய்க்குள் சொல்லிப் பார்த்ததுண்டு.
பக்கத்தில் யாரும் இல்லை, தப்பா சரியா என்று சொல்ல.

கடிதத்தை மறுபடி எழுதினேன்.
கீழே என் விலாசம்.
கதவெண்ணுக்கு அட், மூன்றாம் மாடிக்கு ஆன், ரங்கூனுக்கு இன்.
எண்ணிப் பார்த்தால்
எங்கேயும் போகாத எனக்கு மூன்று,
ஏழு துறைமுகம் கடந்தவருக்கு ஒன்று.

முத்திரை விழுந்தது. வெளியே மழை.
பொட்டத்தாங் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை,
கைப்பை நனையாமல் மடிக்குள் வைத்துக்கொண்டேன்.
தியேட்டர் நிறுத்தம் தாண்டும்போது போன் அதிர்ந்தது.
தமிழைப் பர்மிய எழுத்தில்தான் எழுதுவார்,
புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் வட்டம்.

'கடலில். சாப்பிட்டாச்சு. நீ?'

திருத்தவில்லை.
பஸ்ஸில், என்று பதில் போட்டேன்.